சிகாகோ கேங்குகளும் ஏரியாக்களும்: எல்லாரும் கேக்கிற கேள்விங்க

சிகாகோவுக்கு யாராவது புதுசா படிக்க வந்தாலும் சரி, ஊர்லேருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, ஏர்போர்ட்ல கார் ஏறின கொஞ்ச நேரத்துல இந்தப் பேச்சு வந்துடும். ஒரே விஷயத்துக்கு திரும்பத் திரும்ப வாய்ஸ் நோட் போட்டு அலுத்துப்போய்தான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேட்டவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியேதான் போட்டிருக்கேன். மேலேருந்து படிச்சுட்டு வாங்க, நடுவுல குதிச்சா பாதி பேர் யாருன்னே புரியாது.

அண்ணா, சிகாகோன்னாலே துப்பாக்கிச் சூடுதானாமே, ராத்திரி வெளிய போகவே முடியாதா?

27 லட்சம் பேர் இருக்கிற ஊரு இது, 77 ஏரியாவா பிரிச்சு வச்சிருக்காங்க. கொலைங்கள்ல பெரும்பங்கு சவுத் சைடு, வெஸ்ட் சைடுல இருக்கிற கொஞ்ச ஏரியாவுலதான் நடக்குது, ஆஸ்டின், நார்த் லாண்டேல், வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க், எங்கிள்வுட்னு நியூஸ்ல திரும்பத் திரும்ப அதே பேருங்கதான் வரும். அதுக்குள்ளயும் ஏரியா முழுக்க இல்ல, சில தெரு, சில மூலை. செத்தவங்களும் சுட்டவங்களும் பெரும்பாலும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க, இல்லாட்டி ஒரே வட்டத்துல சுத்தினவங்க. நம்ம ஊர்க் கடைங்க இருக்கிற டெவான் அவென்யூல தோசை சாப்பிடப் போறவங்க பயப்பட ஒண்ணும் இல்ல. நேப்பர்வில், ஷாம்பர்க்ல வீடு வாங்கினவங்க சிகாகோலயே இல்ல, அது சபர்ப், அவங்க ஊருக்கு போன் பண்ணி "இங்க நிலைமை ரொம்ப மோசம்"னு சொல்றதைக் கேட்டா எனக்கு சிரிப்புதான் வரும்.

இன்னொண்ணு, மொத்தக் கொலை எண்ணிக்கைல சிகாகோ பெருசா தெரியும், ஏன்னா ஊரு பெருசு. ஜனத்தொகைக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட்டா செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ், மெம்ஃபிஸ் எல்லாம் பல வருஷமா இதை விட மோசம். அதுக்காக இங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்ல வரல, தப்பான இடத்துல தேடாதீங்கன்னுதான் சொல்றேன்.

கேங்குன்னா அல் கபோன் கோஷ்டிதானே? அவரு வாரிசுங்களா இவங்க?

இல்லீங்க. கபோனோட கும்பலுக்கு அவுட்ஃபிட்னு பேரு, மதுவிலக்கு காலத்துல கள்ளச்சாராயம், சூதாட்டம்னு அது ஒரு பெரிய பிசினஸ். 1929 பிப்ரவரி 14 அன்னிக்கு ஒரு கராஜ்ல எதிர் கோஷ்டி ஆளுங்க 7 பேரை சுவத்தோரமா நிக்க வச்சு சுட்டது அந்தக் காலத்துல. கடைசியா அவரை உள்ள தள்ளினது கொலைக் கேஸ் இல்ல, வருமான வரிக் கேஸ், 1931-ல 11 வருஷம்.

தெரு கேங் வேற கதை. பத்து வயசுலேருந்து இருபது வயசு வரைக்கும் பசங்க, அவங்களுக்குன்னு ஒரு மூலை, ஒரு பார்க், பக்கத்துத் தெரு பசங்களோட சண்டை. 1927-லயே ஃப்ரெடெரிக் த்ராஷர்னு ஒரு சமூகவியல் ஆராய்ச்சியாளர் ஊர்ல 1,313 கேங் இருக்குன்னு கணக்கு சொன்னார். அதுல நிறைய, குடியேறி வந்த போலிஷ், இத்தாலியன், ஐரிஷ் குடும்பத்துப் பசங்களோடது.

அப்ப கேங்குன்னா கறுப்பின ஆளுங்க விஷயம்னு சொல்றது தப்பா தம்பி?

தப்புதான் அத்தை. இந்த ஊர்ல கேங்கோட பழைய முகம் வெள்ளை முகம். பிரிட்ஜ்போர்ட், கனாரிவில் பக்கம் ஐரிஷ் பசங்க "அத்லெட்டிக் கிளப்"னு வச்சிருந்தாங்க, பேருதான் விளையாட்டு கிளப், எலெக்‌ஷன் நேரத்துல அரசியல்வாதிக்கு அடியாள் வேலை. அதுல ரேகன்ஸ் கோல்ட்ஸ்னு ஒண்ணு, ஃப்ராங்க் ரேகன்னு ஒரு கவுண்டி கமிஷனர் பேர்லயே ஓடுச்சு. "என்னை அடிச்சா 2,000 பேரை அடிச்ச மாதிரி"ங்கிறது அவங்க வசனம்.

1919 ஜூலை 27, மிச்சிகன் ஏரியில 29-வது தெரு பீச் பக்கம் யூஜீன் வில்லியம்ஸ்னு 17 வயசு கறுப்பினப் பையன் தண்ணில மிதந்துக்கிட்டே வெள்ளைக்காரங்க பக்கம்னு பேச்சுவழக்குல இருந்த எல்லைக்குள்ள போயிட்டான், கரையிலேருந்து ஒருத்தன் கல்லெறிஞ்சான், பையன் முங்கி செத்துட்டான், அந்த இடத்துலயே போலீஸ் எறிஞ்சவனைப் பிடிக்க மாட்டேன்னுச்சு. அங்கேருந்து பத்திக்கிச்சு. 38 பேர் செத்தாங்க, அதுல 23 பேர் கறுப்பினம். ஆயிரம் குடும்பம் கிட்ட வீடில்லாம நின்னுச்சு. பின்னாடி விசாரிச்ச கமிஷன், இந்த கிளப்புங்க மட்டும் இல்லேன்னா கலவரம் முதல் கைகலப்போட நின்னிருக்கும்ங்கிற அளவுக்கு எழுதிச்சு. ஹாம்பர்க் கிளப்னு இன்னொண்ணு, அதுல அப்ப மெம்பரா இருந்த 17 வயசு ரிச்சர்ட் ஜே. டேலி பின்னாடி அந்த கிளப்புக்கே தலைவர் ஆகி, 1955-லேருந்து 1976-ல சாகுற வரைக்கும் சிகாகோ மேயரா இருந்தார். கலவரத்துல அவர் இருந்தாரா இல்லையான்னு கேட்டப்பல்லாம் வாயே தொறக்கல. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, கீழே திரும்ப வரும்.

ஐரிஷ் பசங்க கேங்லேருந்து போலீஸ், ஃபயர் சர்வீஸ், சிட்டி ஹால் வேலைன்னு மேல ஏறிப் போயிட்டாங்க. அந்த ஏணி பின்னாடி வந்தவங்களுக்கு இல்லாம போச்சு, இந்த ஊர்க் கதைல எனக்கு முக்கியமா படுறது அதுதான்.

சரி, சவுத் சைடும் வெஸ்ட் சைடும் மட்டும் ஏன் இப்படி ஆச்சு? அவங்களே கெடுத்துக்கிட்டாங்கன்னுதானே சொல்றாங்க?

இதுக்கு கொஞ்சம் பொறுமையா கேக்கணும். 1910-கள்லேருந்து 1970 வரைக்கும் தெற்கு மாநிலங்கள்லேருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்குல ரயிலேறி சிகாகோ வந்தாங்க, கசாப்புத் தொழிற்சாலை, ஸ்டீல் மில்லுன்னு வேலை இருந்துச்சு. வேலை குடுத்த ஊரு வீடு குடுக்கல. "இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விக்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம்"னு தெருவுல இருக்கிற ஓனருங்க எல்லாம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு பதிவே பண்ணி வச்சாங்க, 1948-ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்ற வரைக்கும் அது சட்டப்படி ஓடுச்சு. அதனால சவுத் சைடுல ஸ்டேட் ஸ்ட்ரீட்டை ஒட்டி ஒரு நீளப் பட்டைக்குள்ள எல்லாரும் நெருக்கி அடிச்சு வாழ்ந்தாங்க.

கோர்ட் சொன்னப்புறம் இன்னொரு வித்தை ஆரம்பிச்சது. அரசாங்கம் 1930-கள்லயே மேப் போட்டு கறுப்பினத்தவங்க இருக்கிற ஏரியாவுக்கு சிவப்பு அடிச்சு வச்சிருந்துச்சு, அங்க பேங்க் வீட்டுக்கடன் தராது. தரகன் வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போய் "பக்கத்துல கறுப்பினக் குடும்பம் வரப்போகுது, இப்பவே வித்துடுங்க"ன்னு பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குவான். அதே வீட்டை கறுப்பினக் குடும்பத்துக்கு ரெண்டு மடங்கு விலைக்கு "கான்ட்ராக்ட்"ல விப்பான். கான்ட்ராக்ட்னா, முன்பணம் நீங்க கட்டணும், மாசாமாசம் தவணை நீங்க, கூரை ஒழுகினா நீங்க, வரி நீங்க, ஆனா கடைசித் தவணை வரைக்கும் பத்திரம் அவன் பேர்ல. நடுவுல ஒரு மாசம் தவறினா வீடும் போச்சு, கட்டின காசும் போச்சு, அவன் அடுத்த குடும்பத்துக்கு விக்கலாம். 1950-கள், 60-கள்ல மட்டும் சிகாகோ கறுப்பினக் குடும்பங்கள் இதுல இழந்தது இன்னிக்கு மதிப்புல 300 கோடியிலேருந்து 400 கோடி டாலர் வரைக்கும்னு 2019-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. நார்த் லாண்டேல் 1950-ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ஏரியா, 1960-ல பத்துல ஒன்பது பேர் கறுப்பினம். பத்தே வருஷம். தவணை கட்டறதுக்காக அப்பா ரெண்டு வேலை, அம்மாவும் வேலை, மேல் மாடியை வாடகைக்கு விட்டுட்டு குடும்பம் கீழே நெருக்கிக்கும், ஸ்கூல்ல இடமில்லாம ஷிஃப்ட் போட்டாங்க, பாதி நாள் பசங்க தெருவுல.

அதோட வேலையும் போச்சு. கசாப்புத் தொட்டி 1971-ல மூடுனாங்க, லாண்டேல்ல இருந்த சியர்ஸ்ங்கிற பெரிய கடைக் கம்பெனியோட தலைமை ஆபீஸ் 70-கள்ல டவுன்டவுன் டவருக்குப் போயிடுச்சு, விஸ்கான்சின் ஸ்டீல் 1980-ல ஒரே நாள்ல கதவை சாத்துச்சு. நார்த் லாண்டேல்ல 1960-ல ஒண்ணேகால் லட்சம் பேர், 2020 கணக்குல 35,000 பேர் கூட இல்ல. "அவங்களே கெடுத்துக்கிட்டாங்க"ன்னு சொல்றவங்க இதையெல்லாம் எங்க வைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியல.

வைஸ் லார்ட்ஸ், டிசைப்பிள்ஸ், ஸ்டோன்ஸ்னு வீடியோல வருதே, யாரு யாரு?

சுருக்கமா சொல்றேன். வைஸ் லார்ட்ஸ் 1950-கள் கடைசில சின்னப் பசங்க சீர்திருத்த ஜெயில்ல உருவாச்சு, வெளிய வந்து லாண்டேல் 16-வது தெருவைப் பிடிச்சாங்க. ஸ்டோன்ஸ்னா பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ், சவுத் சைடு வுட்லான் பசங்க, பிளாக்ஸ்டோன் அவென்யூ பேரு, தலைங்க யூஜீன் ஹேர்ஸ்டனும் ஜெஃப் ஃபோர்ட்டும். அவங்களுக்கு எதிரா டேவிட் பார்க்ஸ்டேலோட டிசைப்பிள்ஸ், அதோட 1969-ல லாரி ஹூவரோட கும்பல் சேர்ந்தது, அதுலேருந்து வந்ததுதான் கேங்ஸ்டர் டிசைப்பிள்ஸ். லத்தீன் கிங்ஸ் போர்ட்டோ ரீக்கோ, மெக்சிகோ குடும்பத்துப் பசங்க. அவங்க பக்கத்துலயும் முதல்ல நடந்தது வெள்ளைக்கார கேங் அடிக்குதுன்னு கூட்டு சேர்ந்ததுதான்.

கேங்குக்கு ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷனே பணம் குடுத்துச்சுன்னு ஒருத்தர் சொன்னார், சும்மா விடறாரா?

உண்மைதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வியும் இதுதான். 1967-ல வைஸ் லார்ட்ஸ்ல ஒரு பிரிவு, கன்சர்வேட்டிவ் வைஸ் லார்ட்ஸ், கம்பெனி மாதிரி பதிவே பண்ணிக்கிட்டாங்க. பாபி கோர்னு ஒருத்தர் அவங்களுக்காகப் பேசுவார். ராக்ஃபெல்லர், ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணத்துல டேஸ்டீ ஃப்ரீஸ் ஐஸ்கிரீம் கடை, ஆப்பிரிக்கன் லயன்னு ஒரு துணிக்கடை, பசங்க கூடறதுக்கு டீன் டவுன்னு ஒரு இடம், மியூசியம் ஆஃப் கன்டெம்பரரி ஆர்ட்டோட சேர்ந்து ஆர்ட் அண்ட் சோல்னு ஒரு ஓவியக்கூடம். 16-வது தெருவுல உடைஞ்ச பாட்டில் கண்ணாடியைப் பெருக்கி எடுத்துட்டு புல் விதைச்சாங்க. நேத்து வரைக்கும் கத்தியோட நின்ன பசங்க கையில துடைப்பம். வுட்லான்ல அரசாங்கமே வேலைப் பயிற்சித் திட்டத்துக்கு 9 லட்சம் டாலருக்கு மேல குடுத்து, கேங் தலைங்களையே வாத்தியாரா வச்சுச்சு. அங்க பணம் ஒழுங்காப் போகல. 1968-ல செனட் விசாரணைக்குக் கூப்பிட்டப்ப ஜெஃப் ஃபோர்ட் எழுந்து வெளிய நடந்துட்டார், பின்னாடி அந்தப் பண விஷயத்துல ஜெயிலுக்கும் போனார். அவரைப் புனிதர் ஆக்கவும் வேண்டாம்.

1969 கோடையில வைஸ் லார்ட்ஸ், ஸ்டோன்ஸ், டிசைப்பிள்ஸ் மூணும் ஒண்ணா சேர்ந்து, எங்க ஏரியாவுல கட்டடம் கட்டறீங்க, எங்க ஆளுக்கு யூனியன் வேலை இல்லையான்னு சைட்டு சைட்டா போய் வேலையை நிறுத்தினாங்க. மேல சொன்ன ஏணி ஞாபகம் இருக்கா, அதுலதான் இவங்க கை வச்சாங்க. ஆனா அதே வருஷம் மே மாசமே மேயர் டேலி கேங்குக்கு எதிரா போர்னு அறிவிச்சிருந்தார், அதாவது ஹாம்பர்க் கிளப்போட பழைய தலைவர். பாபி கோர் கொலைக் கேஸ்ல உள்ள போனார், கடைசி வரைக்கும் நான் பண்ணலன்னே சொன்னார். ஃபவுண்டேஷன் பணம் நின்னுச்சு, கடைங்க மூடுச்சு.

லிங்கன் பார்க் பணக்கார ஏரியாவாச்சே, அங்க கூட கேங் இருந்துச்சுன்னா நம்பவா?

நம்புங்க. இன்னிக்கு அங்க ஒரு வீட்டு விலைக்கு நம்ம ஊர்ல தெருவையே வாங்கலாம், ஆனா 60-கள்ல அது போர்ட்டோ ரீக்கோ குடும்பங்க இருந்த ஏரியா. நகரப் புதுப்பிப்புன்னு சொல்லி அவங்களைக் காலி பண்ண ஆரம்பிச்சப்ப யங் லார்ட்ஸ்ங்கிற கேங் 1968-ல அப்படியே அரசியல் அமைப்பா மாறிச்சு, தலைவர் ஹொசே "சா சா" ஹிமெனெஸ். 1969 மே மாசம் மெக்கார்மிக் இறையியல் கல்லூரிக் கட்டடத்துக்குள்ள போய் உக்காந்து, ஏழைகளுக்கு வீடு கட்டப் பணம் குடுன்னு கேட்டாங்க. பிளாக் பாந்தர்ஸ்ங்கிற கறுப்பின உரிமைக் கட்சியோட ஃப்ரெட் ஹாம்ப்டன் இவங்களையும், அப்பலாச்சியா மலைப்பகுதியிலேருந்து வந்த ஏழை வெள்ளைக்காரப் பசங்க யங் பேட்ரியட்ஸையும் ஒரே அணியில சேர்த்தார். அந்த டிசம்பர் 4 விடியக்காலையில போலீஸ் அவர் வீட்டுக்குள்ள புகுந்து சுட்டுக் கொன்னுச்சு, வயசு 21.

தொப்பியை வலது பக்கம் திருப்பினா ஒரு கேங், இடது பக்கம்னா இன்னொண்ணாமே, நான் கேப் போடலாமா வேணாமா?

தாராளமா போடுங்க. அது 1978 வாக்குல இல்லினாய் ஜெயிலுங்கள்ல வந்த ஏற்பாடு, நம்ம தேர்தல் கூட்டணி மாதிரி ரெண்டு பெரிய அணி. ஃபோக் அணில டிசைப்பிள்ஸும் கூட்டாளிங்களும், ஆறு முனை நட்சத்திரம், எல்லாம் வலது பக்கம். பீப்பிள் அணில வைஸ் லார்ட்ஸ், ஸ்டோன்ஸ், லத்தீன் கிங்ஸ், அஞ்சு முனை, இடது பக்கம். 80-கள், 90-கள்ல இது உயிர்ப் பிரச்சனை, இன்னிக்கு இருபது வயசுப் பையன் ஒருத்தனுக்கு இது தாத்தா காலத்துக் கதை. ஒரே பிளாக்ல ரெண்டு அணி ஆளுங்களும் சேர்ந்தே நிக்கறாங்க. காரணம் அடுத்த பதில்ல.

பெரிய தலைங்களை எல்லாம் உள்ள தள்ளியாச்சே, அப்புறமும் ஏன் நிக்கல?

தள்ளினதும் ஒரு காரணம். ஜெஃப் ஃபோர்ட்டுக்கு லிபியா பணத்துக்காக இங்க தாக்குதல் நடத்தத் திட்டம் போட்டார்னு 1987-ல தீர்ப்பு, 80 வருஷம். ஹூவர் 1973-லேருந்தே உள்ள, ஜெயில்லேருந்தே கேங்கை நடத்தினார்னு 1997-ல ஃபெடரல் கோர்ட்ல தீர்ப்பு வந்து, ஆயுள் தண்டனையும் குடுத்தாங்க. மேல சொல்றவன் இல்லாம போனா கீழ இருக்கிறவன் சாது ஆகல, யார் பேச்சையும் கேக்கத் தேவையில்லாதவன் ஆனான்.

அடுத்தது வீடு. ஸ்டேட் ஸ்ட்ரீட்ல ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டின ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ்னு 16 மாடில 28 கட்டடம், 1962-ல முடிஞ்சது, உச்சத்துல 27,000 பேர், அதுல பெரும்பாலும் குழந்தைங்க. அந்தப் பழைய நெருக்கடிப் பட்டை இருந்த இடத்துலயே நிக்க வச்சாங்க, பக்கத்துலயே அதே வருஷம் டான் ரயன் எக்ஸ்பிரஸ்வே திறந்துச்சு. 2000-ல அதையெல்லாம் இடிக்கிற திட்டம் ஆரம்பிச்சது, டெய்லர்ல கடைசிக் கட்டடம் 2007-ல போச்சு, கப்ரினி கிரீன்னு அதே மாதிரி இன்னொரு குடியிருப்புல கடைசி மாடிக் கட்டடம் 2011-ல. இல்லினாய் டெக்ல படிக்கிற நம்ம பசங்க காலேஜுக்கு தெற்கே ஸ்டேட் ஸ்ட்ரீட்ல நடந்தா காலி புல்வெளி, நடுநடுவே புது வீடுங்கன்னு பாப்பாங்க, அதுதான் இடம். குடும்பங்க எங்கெங்கயோ சிதறிச்சு, ஒரு கட்டடத்துப் பையன் எதிர் கேங் தெருவுல போய் இறங்கினான். பெரிய கேங் உடைஞ்சு ரெண்டு மூணு தெருவுக்கு ஒரு செட்டுன்னு ஆச்சு, செத்துப்போன நண்பன் பேரையே செட்டுக்கு வச்சுக்கிட்டாங்க.

ஓ பிளாக்னு பாட்டுல எல்லாம் வருதே, அது என்ன இடம்?

கிங் டிரைவ்ல 6400-ஆம் நம்பர் பக்கம் பார்க்வே கார்டன்ஸ்னு ஒரு அபார்ட்மென்ட் குடியிருப்பு. 2011-ல கொல்லப்பட்ட ஒரு பையன் பேரோட முதல் எழுத்துதான் அந்த "ஓ", மேல சொன்ன பழக்கம்தான். மிஷேல் ஒபாமா கைக்குழந்தையா இருந்தப்ப அவங்க குடும்பம் அங்கதான் இருந்துச்சு. சீஃப் கீஃப்ங்கிற பாடகர் 2012 வாக்குல டிரில்ங்கிற ராப் பாட்டால உலகம் முழுக்கத் தெரிஞ்சப்புறம் அந்தத் தெருச் சண்டை யூட்யூப்ல எல்லாருக்கும் பொழுதுபோக்கு ஆயிடுச்சு. முன்னாடி மூலையில நடந்த கேலி இப்ப போன்ல, செத்தவனைப் பத்தி கிண்டல், அதுக்கு பதில், அதுக்குத் துப்பாக்கி. எஃப்பிஜி டக்குங்கிற பாடகரை 2020 ஆகஸ்ட்ல கோல்ட் கோஸ்ட்ல பணக்காரக் கடைத்தெருவுல பட்டப்பகல்ல சுட்டாங்க, அந்தக் கேஸ்ல 6 பேர் குற்றவாளிங்கன்னு 2024-ல தீர்ப்பு. இதை வச்சு யார் யாரைக் கொன்னான்னு ஸ்கோர் போடற வீடியோக்களைப் பாக்கிறதை தயவுசெஞ்சு விடுங்க.

தெருவுல சும்மா நின்னாலே போலீஸ் கேங்னு எழுதிப்பாங்களாமே?

எழுதினாங்க. 1992-ல கேங் ஆளுன்னு சந்தேகப்படறவங்களோட யாராவது சும்மா நின்னா கலைஞ்சு போகச் சொல்லலாம், போகலேன்னா கைதுன்னு ஒரு சட்டம் போட்டாங்க. மூணு வருஷத்துல 89,000 உத்தரவு, 42,000 கைது. 1999-ல சுப்ரீம் கோர்ட் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் போலீஸ்கிட்ட ஒரு கேங் லிஸ்ட் இருந்துச்சு, 2019-ல நகராட்சியோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் அதைத் தோண்டினப்ப 1,34,000 பேருக்கு மேல, அதுல 95 சதவீதம் கறுப்பினமும் லத்தீன் மக்களும். உன் பேரு இருக்குன்னு யாருக்கும் சொல்லல, எடுக்க வழியும் இல்லாம இருந்துச்சு. 2023 செப்டம்பர்ல பொதுமக்கள் மேற்பார்வைக் கமிஷன் ஓட்டுப் போட்டு அதை நிறுத்துச்சு.

அந்த ஏரியாவுக்குப் போய்ப் பாக்கலாமா? ஃப்ரெண்ட்ஸ் கார்ல ஒரு ரவுண்டு போலாம்ங்கிறாங்க.

கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டு போனை வெளிய நீட்டி வீடியோ எடுக்கிறதுக்குன்னா போகாதீங்க, அங்க இருக்கிறவங்க மிருகக்காட்சி சாலையில இல்ல. பகல்ல சவுத் சைடுல இருக்கிற பிரான்ஸ்வில் ஏரியாவுக்குப் போங்க, சாப்பிடுங்க, 35-வது தெருகிட்ட கிங் டிரைவ்ல நடங்க, நல்ல பழைய கல் வீடுங்க இருக்கு. லாண்டேல்ல 1966-ல மார்டின் லூதர் கிங் வாடகைக்கு வந்த ஹாம்லின் அவென்யூ இடத்தைப் பாருங்க, கேங் பசங்களைக் கூப்பிட்டு வச்சு ராத்திரி பேசினது அங்கதான், அந்தப் பசங்கள்ல சிலர் ஊர்வலத்துல அடி வாங்கியும் திருப்பி அடிக்காம வந்தாங்க.

இப்ப குறைஞ்சிருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.

குறைஞ்சிருக்கு. 1974-ல 970 கொலை, 90-கள் ஆரம்பத்துல மறுபடி 900-ஐத் தாண்டுச்சு, 2021-ல 800-ஐ ஒட்டி, 2024-ல 573. போலீஸ் தன்னாலங்கும், மேயர் தன்னாலங்குவார். முன்னாடி கேங்ல இருந்தவங்களே சம்பளத்துக்கு தெருவுல நின்னு சண்டையை விலக்கற வேலை 2000-லேருந்து வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்ல ஆரம்பிச்சு இப்ப ஊர்ல நிறைய அமைப்புங்க செய்யுது, அதுக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்பறேன்.

லாரி ஹூவரை டிரம்ப் விட்டுட்டாராமே, அப்ப வெளிய வந்துட்டாரா?

2025 மே மாசம் டிரம்ப் குறைச்சது ஃபெடரல் தண்டனையை மட்டும். 1973 கொலைக் கேஸ்ல இல்லினாய் மாநிலம் குடுத்த 150-லேருந்து 200 வருஷ தண்டனை தனி, அதுல ஜனாதிபதி கை வைக்க முடியாது, கவர்னரோ மாநிலத்தோட பரோல் போர்டோதான் முடிவு பண்ணணும். அதனால "விடுதலை"ன்னு வந்த ஃபார்வர்டை இனிமே எனக்கு அனுப்பாதீங்க.